மேப்பிள் சிரப்: பெரிய எவாப்பரேட்டருக்கு மாறியதும் வரும் கோளாறுகள், அறிகுறிவாரியாக

ஒன்டாரியோ, கியூபெக், வெர்மான்ட் பக்கங்களில் வீட்டுத் தோட்டத்து மேப்பிள் மரங்களில் சாறு இறக்கி, அதை வற்றக் காய்ச்சி சிரப் ஆக்குபவர்கள் பெரும்பாலும் 2-க்கு 3 அடி தட்டையான தட்டில்தான் தொடங்குகிறார்கள். அதில் நன்றாக எரித்தால் மணிக்கு 20 லிட்டர் தண்ணீர் ஆவியாகும். மரத்தில் செருகிய குழாய்கள் எண்பதைத் தொட்டதும் கணக்கு உதைக்கும். ஒரு நல்ல நாளில் குழாய்க்கு 4, 5 லிட்டர் என்று 350 லிட்டர் சாறு சேரும். அதை வற்றவைக்கப் பதினேழு மணிநேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். அப்போதுதான் 2-க்கு 6 அடி எவாப்பரேட்டர், அதாவது விறகு அடுப்பின்மேல் தட்டுகள் பொருத்திய ஆவியாக்கி, வீட்டுக்கு வருகிறது. சரியாக ஓட்டினால் அது மணிக்கு 80 முதல் 100 லிட்டர் வரை ஆவியாக்கும்.

அதன் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவை எளிதில் புரியும். பின்பக்கம் 2-க்கு 4 அடி சாற்றுத் தட்டு. அதன் அடியில் 5 முதல் 7 அங்குல ஆழத்துக்குத் தகடு மடிப்பு மடிப்பாகக் கீழே தொங்கும். தீ அந்த மடிப்புகளுக்கு நடுவே புகுந்து போகும். முன்பக்கம் 2-க்கு 2 அடி பாகுத் தட்டு, தடுப்புத் தகடுகளால் மூன்று நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. சாறு பின்னால் உள்ள மிதவைப் பெட்டி வழியாக (மட்டம் குறைந்தால் உள்ளே உள்ள மிதவை தானாகத் திறந்து சாறு விடும்) நுழைகிறது, அறை அறையாக நகர்ந்து அடர்கிறது, முன்மூலையில் உள்ள வடிப்பு வால்வை அடையும்போது சிரப்பாகிவிடுகிறது. பழைய தட்டில் ஊற்றினோம், வற்றவைத்தோம், இறக்கினோம். இங்கே எல்லாமே ஓட்டம். புதிதாக மாறியவர்களுக்கு வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், பழைய பழக்கத்தில் இந்த ஓட்டத்தைக் கலைப்பதால் வருபவை.

நாள் முழுக்கக் காய்ச்சியும் ஒரு சொட்டு சிரப் வரவில்லை

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. தட்டு முதலில் தனக்கு வேண்டிய சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாகுத் தட்டில் ஒன்றரை அங்குல ஆழம் என்றால் சுமார் 14 லிட்டர். ஓட்டம் சீரானபின் அதன் அறைகளின் சராசரி சர்க்கரை 35 சதவீதம் அளவில் இருக்கும். அதுவே ஐந்தரை கிலோ சர்க்கரை. சாற்றுத் தட்டில் மடிப்புகளையும் சேர்த்து 55, 60 லிட்டர், சராசரி 6 சதவீதம்; அது மூன்றரை கிலோ. ஆக 9 கிலோ சர்க்கரை தட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். 2 சதவீதச் சாற்றில் லிட்டருக்கு 20 கிராம்தான் சர்க்கரை. எனவே 450 லிட்டர் சாறு உள்ளே போன பிறகுதான் முதல் வடிப்பு. ஐம்பது குழாய் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நல்ல நாட்களின் சாறு.

இந்த இடத்தில் பொறுமை இழந்து பலரும் செய்வது, மட்டத்தை அரை அங்குலத்துக்குக் குறைத்துச் சீக்கிரம் சிரப் எடுக்கப் பார்ப்பது. தட்டு கருகுவது அப்போதுதான். முதல் பருவத்தில் மட்டம் 2 அங்குலம் இருக்கட்டும், கை பழகியபின் ஒன்றரைக்கு இறக்கலாம். அடுத்தடுத்த நாட்களில் இந்தக் காத்திருப்பு இருக்காது, ஏனென்றால் தட்டில் உள்ள இனிப்பு அப்படியே நிற்கும். இரவில் அணைத்தபின் அறைகளுக்கிடையே சாறு கலக்காமலிருக்க, இணைப்புத் துளைகளுக்கு உரிய அடைப்பான்களைப் போட்டுவையுங்கள். மறுநாள் காலை ஒரு மணிநேரம் மிச்சமாகும்.

450 லிட்டர் தாண்டி, 700 போயும் வரவில்லையென்றால் ஓட்டம் எங்கோ கலைகிறது. தடுப்புத் தகட்டின் அடியில் இடைவெளி இருக்கிறதா, யாராவது கரண்டியால் முன் அறையிலிருந்து பின் அறைக்கு ஊற்றுகிறார்களா, தீ அடிக்கடி தணிந்து கொதி நின்றுபோகிறதா என்று பாருங்கள். கொதி நின்ற ஒவ்வொரு முறையும் அடர்ந்த பாகு பின்னோக்கிப் பரவும்.

கொதிக்கிறது, ஆனால் சொன்ன வேகம் இல்லை

முதலில் அளந்துவிடுங்கள். சாற்றுத் தொட்டியில் லிட்டர் கோடுகள் போட்டு, ஒரு மணிநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். 80-க்குப் பதில் 45 என்று வந்தால் கீழே உள்ள வரிசையில் தேடுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் செலவில்லாதது முதலில் வருகிறது.

விறகு. மணிக்கட்டுப் பருமன், அதாவது 5 முதல் 8 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். பழைய அடுப்பில் தடித்த கட்டைகளைப் போட்டுப் பழகியவர்கள் இங்கும் அதையே போடுகிறார்கள். தடித்த கட்டை மெதுவாகவே எரியும். இங்கே வேண்டியது நீண்ட, கொழுந்துவிடும் தீ. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால் விறகை முந்தைய வசந்தத்திலேயே பிளந்து அடுக்கியிருக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள், காற்று நடுவே போகும். மேலே தட்டைத் தொடாமல் அடுப்பின் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்புங்கள்.

போடும் நேரம். 7, 8 நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரம் வைத்து. கொதி தணிவதைப் பார்த்துவிட்டு விறகு போடுவது எப்போதும் தாமதம்தான். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் குளிர்காற்று தட்டின் அடியைத் தடவிப்போகிறது. விறகைக் கையருகே எண்ணி வைத்துக்கொண்டு கதவைத் திறங்கள், போடுங்கள், மூடுங்கள்.

குளிர்ந்த சாறு. 4 டிகிரிச் சாற்றை 100 டிகிரிக்குக் கொண்டுவர லிட்டருக்கு 96 கிலோகலோரி, அதை ஆவியாக்க 540. அதாவது மொத்த வெப்பத்தில் 15 சதவீதம் வெறுமனே சூடாக்குவதிலேயே போகிறது. தட்டுக்கு மேலே மூடி வைத்து, அதனுள் செம்புக் குழாய்ச் சுருளை ஓடவிட்டால் வீணாகப் போகும் நீராவியே சாற்றைச் சூடாக்கித் தரும். சுருளுக்கு அடியில் ஒரு சொட்டுத் தட்டு கட்டாயம், இல்லாவிட்டால் குளிர்ந்த நீராவி மறுபடி சாற்றிலேயே சொட்டும். செம்பு இணைப்புகளில் ஈயமில்லாப் பற்றாசு மட்டுமே.

காற்றுக் கசிவு. தட்டின் விளிம்புக்கும் அடுப்புச் சட்டத்துக்கும் நடுவே அரை அங்குலக் கண்ணாடி இழைக் கயிற்றுக் காஸ்கெட் சுற்றிலும் இருக்க வேண்டும். எரியும் ஊதுபத்தியை விளிம்போரம் கொண்டுபோங்கள். புகை உள்ளே இழுபடும் இடமெல்லாம் கசிவு.

கடைசியாக, நாம் பார்த்தவரை அதிகம் கவனிக்கப்படாத காரணம்: அடுப்பின் பின்பாதி. தீக்குழியின் முடிவில் தரை சரிவாக மேலேறி, சாற்றுத் தட்டு மடிப்புகளின் அடிக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கீழே வந்து நிற்க வேண்டும். அந்த இடைவெளி 10 சென்டிமீட்டராக இருந்தால் தீ சுலபமான வழியில், மடிப்புகளைத் தொடாமல் அடியிலேயே ஓடிப் புகைக்குழாய்க்குள் போய்விடும். அத்தனை மடிப்புகளுக்குக் கொடுத்த காசும் வீண். மணலோ பெர்லைட்டோ (வெப்பம் தாங்கும் லேசான எரிமலைக் கல் துணுக்கு) கொட்டி உயர்த்தி, மேலே ஒரு அங்குல செராமிக் கம்பளி விரித்து, அதன்மேல் தீச்செங்கல் அடுக்குங்கள். கம்பளியின் இழை நுரையீரலுக்குக் கெடுதல்: முகக்கவசமும் கையுறையும் போட்டு வெட்டுங்கள், திறந்தபடி விடாமல் செங்கலாலோ தீக்காரையாலோ மூடுங்கள்.

புகைக்குழாய் சிவக்கிறது, தீ குழாயில் ஏறுகிறது

மேலே சொன்ன பின்பாதி இடைவெளிக் கோளாறின் மறுமுகம் இது. குழாயின் அடிப்பகுதியில் ஒரு வெப்பமானி பொருத்துங்கள். 300 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 450-ஐத் தாண்டினால் விறகு ஊரைச் சூடாக்குகிறது. இடைவெளியைச் சரிசெய்தும் குறையாவிட்டால் காற்றிழுப்பு அதிகம். டேம்பரை (காற்றிழுப்பைக் கட்டுப்படுத்தும் தகடு) கொஞ்சம் மூடுங்கள், புளோயர் (தீக்குக் காற்று ஊதும் விசிறி) இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். புளோயர் ஓடும்போது கதவைத் திறக்கவே கூடாது. தீ முகத்துக்கு வரும்.

இதற்கு எதிர்ப்பக்கம்: புகை கதவு வழியாக முன்னால் வருகிறது என்றால் குழாய் உயரம் போதவில்லை. தட்டு நீளத்தின் இரு மடங்கு, அதாவது 2-க்கு 6 அடிக்கு 12 அடி, என்பது பழைய கைக்கணக்கு. மூடிய கராஜுக்குள் இதை ஓட்டாதீர்கள். 350 லிட்டர் சாற்றிலிருந்து 340 லிட்டருக்கு மேல் நீராவியாகக் கூரைக்குப் போகிறது, கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

சிரப் கொஞ்சமாக வராமல், திடீரென்று மொத்தமாக வருகிறது

வெப்பமானி 102-இல் அரைமணி நிற்கும். பிறகு ஒரே தாவலாக 105 போய், முன் அறை முழுவதும் கெட்டியாகும். எடுத்து முடித்ததும் 101-க்கு விழும். ஓட்டம் சீராக இருந்தால் சிரப் நூல்போல நிற்காமல் வடியும். மொத்தமாக வருவதற்கு முதல் காரணம், விறகு போடும் இடைவெளி ஏறுமாறாக இருப்பது. இரண்டாவது, மிதவை தாமதமாகத் திறந்து நிறையச் சாற்றை ஒரே மூச்சில் உள்ளே விடுவது. மூன்றாவது, வால்வை முழுதாகத் திறந்துவிடுவது: அடுத்த அறையின் நீர்த்த பாகு பாய்ந்து வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

சிரப்பின் கொதிநிலை தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் மேலே. காற்றழுத்தத்தோடு தண்ணீரின் கொதிநிலையும் நாளுக்கு நாள் மாறும் என்பதால், காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அன்றைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இலக்குக்கு அரை டிகிரி முன்னதாகவே வால்வைச் சிறிது திறந்து மெதுவாக வடியுங்கள், வெப்பம் இறங்கத் தொடங்கியதும் மூடுங்கள். உறுதி செய்ய, பாகில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர்தான் கடைசி வார்த்தை: சூடான சிரப்பை அளவுக் குப்பியில் எடுத்த உடனே, அதில் சூடான சிரப்புக்கென்று போட்டிருக்கும் கோட்டைப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டுப் பார்த்தால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும், நீங்கள் நீர்த்த சிரப்பைப் புட்டியில் அடைப்பீர்கள். கரண்டி விளிம்பிலிருந்து திரையாக விழும் பதம் பார்ப்பது கண்ணுக்கு நல்ல துணை. ஆனால் 66 பிரிக்ஸையும் (பிரிக்ஸ் என்பது சர்க்கரைச் சதவீதம்) 68-ஐயும் அது பிரித்துச் சொல்லாது.

கெட்டியான பாகு தவறான அறையில் திரள்கிறது

வால்வு இருக்கும் அறை நீர்த்திருக்க, நடு அறை பெருங்குமிழிகளோடு பொன்னிறமாக எழும்பினால் உடனே அங்கே ஒரு செம்பு சாறு ஊற்றுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். அடுப்பு மட்டமாக இல்லாதிருப்பது ஒன்று: வசந்தத்தில் பனிநிலம் இளகும்போது ஒரு கால் இறங்கிவிடும், ஆகவே வாரம் ஒரு முறை மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். விறகை ஒரு பக்கமாகவே போடுவது இன்னொன்று. நுரையடக்கியைப் பாகுத் தட்டில் விடுவது மூன்றாவது. அது ஒரு அறையின் கொதியை ஒடுக்கிப் பக்கத்து அறைப் பாகை அங்கே இழுத்துவிடும்.

நுரை பொங்கி வழிகிறது

பாகுத் தட்டில் விடக்கூடாது என்றால் எங்கே விடுவது? சாற்றுத் தட்டில், மிதவைப் பெட்டிக்கு அருகே, ஒவ்வொரு முறை விறகு போட்டதும் ஒன்றிரண்டு சொட்டு. கடையில் விற்கும் நுரையடக்கி போதும். வெண்ணெய் விடுவது பழைய வழக்கம். ஆனால் பால் ஒவ்வாதவர் யாருக்காவது அந்தப் புட்டி போய்ச் சேரலாம் என்பதால் தாவர எண்ணெயே நல்லது. சொட்டுக் கணக்கை மீறினால் சிரப்பில் எண்ணெய் வாடை வரும், வடிகட்டி அடைக்கும்.

எவ்வளவு விட்டாலும் அடங்கவில்லையென்றால் சாற்றை முகர்ந்து பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று நாள் நின்ற சாறு கலங்கும், நுரை அதிகமாகும், சிரப் கறுக்கும். தொட்டியை நிழலில், பனிக்குள் புதைத்து வைத்து, ஒரு நாள் அல்லது இரண்டு நாளுக்குள் காய்ச்சிவிட வேண்டும். பெரிய எவாப்பரேட்டர் வாங்கியதன் உண்மையான பலனே அதுதான்.

கருகும் வாடை

இதற்கு மட்டும் யோசிக்க நேரம் கிடையாது, அரை நிமிடத்தில் தட்டு போய்விடும். எனவே முன்னேற்பாடு: அடுப்பருகே எப்போதும் ஒரு வாளி சாறு. வாடை வந்ததும் அதை வாடை வரும் அறையில் ஊற்றுங்கள், புளோயரை நிறுத்துங்கள், அடுப்புக் கதவுகளை விரியத் திறங்கள். உள்ளே பாயும் குளிர்காற்று கொதியை அடக்கும். எரியும் அடுப்புமேல் இருந்து தட்டைத் தூக்க முயலாதீர்கள், காலி உலோகத்தின்மேல் பனியை அள்ளிப் போடாதீர்கள். தகடு கோணிவிடும், பற்று விடும்.

பிறகு காரணம். மிதவை ஐஸ் கட்டியோ மரப்பட்டைத் துணுக்கோ சிக்கி நின்றிருக்கலாம். தொட்டியிலிருந்து வரும் குழாயில் சல்லடை போடுங்கள், காலையில் தீ மூட்டுமுன் மிதவையை விரலால் அழுத்திப் பாருங்கள். சாற்றுத் தட்டு மட்டம் சரியாக இருந்தும் பாகுத் தட்டு வற்றினால், இரண்டையும் இணைக்கும் குழாய் அடைத்திருக்கிறது. எதுவுமே அடைக்காமல் கருகினால், குற்றவாளி சர்க்கரை மணல்.

சாற்றில் உள்ள கால்சியமும் மேலிக் அமிலமும் சேர்ந்து, அடர்த்தி கூடக் கூடப் படிவது இந்த மணல். சிரப் வடியும் அறையின் தரையில்தான் அதிகம் படியும். அந்தப் படிவு தகட்டுக்கும் பாகுக்கும் நடுவே போர்வைபோல் கிடந்து வெப்பத்தைத் தடுக்கும். அடியில் தகடு பழுக்கும், படிவு கருகும். அதனால்தான் நல்ல பாகுத் தட்டுகளில் இரண்டு பக்கமும் வால்வு இருக்கிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பக்கத்தை மாற்றுங்கள். நேற்று படிந்த மணலை இன்று அந்தப் பக்கம் வரும் நீர்த்த சாறு கொஞ்சம் கரைத்துவிடும். ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் கருவியில் சாற்றை 8 சதவீதத்துக்கு அடர்த்தியாக்கிக் காய்ச்சுபவர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

படிந்ததை எடுக்க, தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி ஊற்றி இளஞ்சூடாக்கி ஓரிரவு ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். கீறலில் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிறகு மூன்று முறையாவது சுத்தத் தண்ணீரில் அலசுங்கள்.

இரவில் அணைக்கும்போதும் கருகலாம். தீ தணிந்தாலும் செங்கல் ஒரு மணிநேரம் கொதிக்கவைக்கும். கடைசிச் சொட்டுச் சாறு வரை காய்ச்சிவிட ஆசைப்படாமல் 50 லிட்டரை ஒதுக்கி, அணைக்கும்போது மட்டத்தை ஒரு அங்குலம் உயர்த்திவிட்டுப் போங்கள்.

சிரப்பில் உலோக வாடை, எண்ணெய் வாடை

புதுத் தட்டில் தகடு வெட்டிய எண்ணெய் ஒட்டியிருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஒரு மணிநேரம் கொதிக்கவைத்துக் கொட்டி, பிறகு வெறும் தண்ணீரை ஒரு மணிநேரம் கொதிக்கவையுங்கள். அதே கொதியில் கசிவு, மட்டம், மிதவை எல்லாவற்றையும் சோதித்துக்கொள்ளலாம். மலிவான சாமானோ விலை உயர்ந்த சாமானோ, தண்ணீரில் சோதிக்காத தட்டில் சாறு ஊற்றக்கூடாது.

பழைய தட்டை வாங்கியிருந்தால் விஷயம் வாடையோடு நிற்காது. முன்காலத்துத் தட்டுகளில் ஈயம் கலந்த பற்றாசு வைத்தார்கள், சில துத்தநாகப் பூச்சுத் தகடுகள். ஈயத்துக்கு வாடையும் கிடையாது, சுவையும் கிடையாது. இணைப்புகளில் சாம்பல் நிறப் பற்றாசு தெரிந்தால் ஈயச் சோதனை செய்யாமல் பயன்படுத்தாதீர்கள். சந்தேகம் தீராவிட்டால் அடுப்பை வைத்துக்கொண்டு தட்டை மட்டும் வெல்டிங் செய்த ஸ்டெயின்லெஸ் எஃகில் மாற்றுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் பொருள் இது.

பருவக் கடைசியில் வரும் கசப்பான மொட்டு வாடைக்கு எவாப்பரேட்டர் பொறுப்பல்ல. மரம் துளிர்க்கத் தொடங்கிவிட்டது, குழாய்களைக் கழற்ற வேண்டியதுதான்.

புட்டியில் கலங்கல், அடியில் படிவு

வடிகட்டிய பிறகு மீண்டும் அதிகமாகச் சூடாக்கியிருப்பீர்கள். 88 டிகிரிக்கு மேல் போனால் புதிய மணல் உருவாகும். கொதிக்கக் கொதிக்க வடிகட்டி, 82 முதல் 85 டிகிரிக்குள் புட்டியில் அடைத்து, மூடியதும் புட்டியைச் சாய்த்துக் கழுத்தையும் சூடாக்குங்கள். கூம்புக் கம்பளி வடிகட்டியை முதலில் வெந்நீரில் நனைத்து, உள்ளே இரண்டு மூன்று மெல்லிய முன்வடிகட்டிகளை அடுக்குங்கள்; ஒன்று அடைத்ததும் அதை மட்டும் உருவிவிடலாம். முறுக்கிப் பிழிந்தால் இழை உடைந்துவிடும். அடியில் கற்கண்டு போலக் கட்டியிருந்தால் அடர்த்தி கூடிவிட்டது, புளித்தால் 66 பிரிக்ஸுக்குக் குறைந்துவிட்டது.

சாறு நின்றுவிட்டது, தட்டு நிறைய இனிப்பு மிச்சம்

பின்னால் தள்ளச் சாறு இல்லாமல் முன் அறைப் பாகை வடிக்க முடியாது. தொட்டியில் சாற்றுக்குப் பதில் சுத்தமான தண்ணீரை விட்டு, வழக்கம்போலக் காய்ச்சுங்கள். தண்ணீர் பின்னாலிருந்து இனிப்பை முன்னே தள்ளும், சிரப் இன்னும் சில முறை வடியும். பின்தட்டுச் சாறு நாக்குக்குச் சப்பென்று ஆனதும் தீயை நிறுத்தி, ஆறவிட்டு, பாகுத் தட்டில் உள்ளதை மட்டும் வாளியில் வடித்துக் காஸ் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் பழைய முறை: கிளறிக்கொண்டே, கண்ணை எடுக்காமல். இந்தக் கடைசிச் சிரப் கறுப்பாகத்தான் இருக்கும், சமையலுக்கு அருமை. தட்டுகள் காலியானதும் அன்றைக்கே வினிகர்த் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்; வெயிலில் காய்ந்த சர்க்கரை மணல் அடுத்த பிப்ரவரியில் பாறையாகியிருக்கும்.